ஆல்ட்டோ வரிசையிலிருந்து

(இந்த எபிசோடில் பேசியவர் திருமுல்லைவாயலில் வசிக்கிறார், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார், ஒன்பது வருடங்களாகச் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறார். பேச்சின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



நம்ம ஊர்ல ஒருத்தர்கிட்ட "நான் பாடுவேன்"னு சொன்னா, உடனே ரெண்டு கேள்வி வரும். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" இல்லைன்னா, "எந்த ஷோவுல வந்தீங்க?" நான் ரெண்டுக்கும் ஒத்துவராத ஆள். நான் ஒரு கொயர்ல பாடுறேன். நாப்பது பேர் நிக்கிற இடத்துல ரெண்டாவது வரிசையில நிக்கிற ஆல்ட்டோ. எனக்குத் தனி மைக் கிடையாது. போஸ்டர்ல பேர் வராது. பாடுறதுக்குக் காசும் கிடையாது; சொல்லப்போனா நாங்கதான் வருஷா வருஷம் சந்தா கட்டுறோம். டிக்கெட் வித்துத் தர வேண்டியதும் நாங்கதான். எங்க ஆபீஸ்ல என்னைப் பார்த்தா சில பேர் திரும்பி நடக்குறதுக்கு அதுதான் காரணம்.

இதுக்கு அமெச்சூர்னு பேர். அந்த வார்த்தையை நாம "அரைகுறை"ங்கிற அர்த்தத்துல பயன்படுத்துறோம். பிரெஞ்சுலேர்ந்து வந்த சொல் அது, மூலத்துல "நேசிக்கிறவர்"னு அர்த்தம். மெட்ராஸுக்கு இது புதுசும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல சுகுண விலாச சபா ஆரம்பிச்சப்போ, அதுல நடிச்சவங்க வக்கீலும் உத்தியோகஸ்தரும்தான். பகல்ல கோர்ட்டு, சாயங்காலம் நாடகம். ரெண்டு வருஷம் கழிச்சு, 1893-ல, மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் ஆரம்பிச்சாங்க. அது நாலு குரல் கொயர். இன்னைக்கும் பாடிக்கிட்டு இருக்காங்க. இத்தனை வருஷம் ஒரு விஷயம் சம்பளம் இல்லாம ஓடுதுன்னா, அதுல ஏதோ இருக்கணும் இல்லையா? அது என்னன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல எங்க ஏரியாவைப் பத்திச் சொல்லணும். கொயர்னா சாந்தோம், எழும்பூர், கீழ்ப்பாக்கம், பெரிய சர்ச், பெரிய ஸ்கூல்னுதான் மனசுல வரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னா லேத்து, டேங்க் ஃபேக்டரி, பைபாஸ். ஆனா டிசம்பர் மாசம் ஒரு நாள் எங்க தெருவுல வந்து தங்கிப் பாருங்க. விடியக்காலை நாலரைக்குத் திருப்பாவை கோஷ்டி. பெருமாள் கோயில்லேர்ந்து கிளம்பி, ஜால்ரா தட்டிக்கிட்டு, மங்கி குல்லா போட்ட மாமாக்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாலை போட்டவங்க வீட்ல ஐயப்பன் பஜனை: குருசாமி ஒரு வரி, மத்தவங்க ஒரு வரி. ராத்திரி ஒம்பதரைக்கு மேல பட்டாபிராம் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ்: ஒரு கிடார், ஒரு டிரம், ஒரு வாடகை கிறிஸ்துமஸ் தாத்தா, வீட்டுக்கு வீடு கேக்கு, டீ. கேரல் முடிச்சுட்டு ஒரு கோஷ்டி திரும்பிப் போற நேரத்துல இன்னொரு கோஷ்டி குளிச்சுட்டுக் கிளம்பிடும். இதுக்கு நடுவுல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஒரு பெட்டியில பஜனை, இன்னொரு பெட்டியில காலேஜ் பசங்க ஜன்னல் தகரத்தைத் தட்டிக்கிட்டு கானா.

எச்.வி.எஃப்., ஏர்ஃபோர்ஸ், சி.ஆர்.பி.எஃப்.னு எல்லா மாநிலத்து ஆட்களும் வந்து சேர்ந்த ஊர் ஆவடி. மலையாளம், பஞ்சாபி, வங்காளம்னு எல்லா மொழியிலயும் யாராவது ஏதாவது பாடிக்கிட்டு இருப்பாங்க. திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குச் சுந்தரர் பதிகமே இருக்கு. அதனால, "இந்தப் பக்கம் இசை கலாசாரம் இல்லை"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஹால் இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். நல்ல கச்சேரி கேட்க நாங்க சென்ட்ரல் வரைக்கும் போய், அங்கேர்ந்து இன்னொரு வண்டி பிடிக்கணும். அது உண்மை.

சரி, என் குரல் விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல ஸ்ருதியைக் கட்டைக் கணக்குல சொல்லுவாங்க. ஹார்மோனியத்துல ஒரு கட்டைன்னா சி, ரெண்டுன்னா டி, அஞ்சுன்னா ஜி. பொம்பளைப் பிள்ளைங்கன்னா அஞ்சு, அஞ்சரை, ஆறு கட்டைன்னு ஒரு எழுதாத சட்டம் இருக்கு. நான் படிச்ச ஸ்கூல்ல பிரேயர் சாங் அஞ்சரைக் கட்டையில வைப்பாங்க. மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது எனக்குக் குரல் வராது, காத்துதான் வரும். அதைவிடக் கீழ வெச்சா நல்லா வரும், ஆனா யார் வெப்பாங்க? ஆறாம் கிளாஸ்ல ஒரு டீச்சர் வரிசையா எல்லார் பக்கத்துலயும் காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே வந்தாங்க. என்கிட்ட நின்னு, "உனக்கு ஆம்பளைக் குரல்மா, நீ வாயை மட்டும் அசை"ன்னாங்க. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லலை. போட்டிக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஆனா நான் அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் வாயை மட்டும்தான் அசைச்சேன். கோயில், கல்யாணம், தேசிய கீதம், எல்லா இடத்துலயும்.

இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் உஷா உதுப் பேட்டி ஒண்ணு பார்த்தேன். ஸ்கூல்ல இசை வகுப்புல அவங்க குரல் சேரலைன்னு வெளியே அனுப்பிட்டாங்களாம். அதே குரலோட 1969-ல நம்ம மவுன்ட் ரோட்டுல நைன் ஜெம்ஸ்ங்கிற கிளப்புல, புடவை கட்டிக்கிட்டு மேடை ஏறினாங்க. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கர்நாடக சங்கீதத்துலயும் டி.கே.பட்டம்மாள் இருந்தாங்க. கனமான, கீழ் ஸ்தாயியில உக்காந்த குரல். ஆக, குரல் இருந்திருக்கு. "பொண்ணு குரல்னா இப்படித்தான்"னு சொல்ற காதுலதான் பிரச்சினை.

கொயர்ல முதல் நாள் என்ன நடந்துச்சுன்னா, கண்டக்டர் பியானோவுல ஒவ்வொரு ஸ்வரமா கீழ இறக்கிக்கிட்டே போனார். நான் கூடவே போனேன். மிடில் சி-க்கும் கீழ, ஜி வரைக்கும். அவர் நிமிர்ந்து பார்த்து, "இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"ன்னு கேட்டார். ஆல்ட்டோவுக்கு ஆள் தேடிக்கிட்டு இருந்தாங்களாம். எனக்கு அன்னைக்கு ட்ரெயின்ல வீட்டுக்குப் போனது எப்படின்னே ஞாபகம் இல்லை.

ஆல்ட்டோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கொயர்ல நாலு குரல். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். பெண்கள்ல மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. பாட்டோட மெட்டு பெரும்பாலும் சோப்ரானோகிட்ட போயிடும். பேஸ் அடித்தளம் போடும். டெனருக்கு நடுநடுவுல ஒரு ஹீரோ நிமிஷம் கிடைக்கும். ஆல்ட்டோவுக்குக் கிடைக்கிறது ஒரே ஸ்வரம், திரும்பத் திரும்ப. மூணு ஸ்வரத்துல ஒரு முழுப் பாட்டை முடிச்ச நாள் எல்லாம் இருக்கு.

நவராத்திரியில இதோட கஷ்டம் புரியும். கொலுவுக்குப் போனா, "கொயர்ல பாடுறியாமே, ஒரு பாட்டு பாடும்மா"ன்னு கேட்பாங்க. என்கிட்ட இருக்கிறது ஆல்ட்டோ லைன்தான். ஒரு தடவை அதையே பாடினேன். ஒரே ஸ்வரத்துல நாலு வரி, கொஞ்சம் கீழ, மறுபடி அதே ஸ்வரம். மாமி ரொம்ப நாகரிகமானவங்க. "மந்திரம் மாதிரி இருக்கும்மா"ன்னு சொல்லி, சுண்டலை ரெண்டு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தாங்க.

ஆனா அந்த ஒரே ஸ்வரத்துல ஒரு ரகசியம் இருக்கு. ஸ-க-ப மூணையும் சேர்த்துப் பாடினா ஒரு கார்டு. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாது. நடுவுல இருக்கிற காந்தாரம் அந்தர காந்தாரமா இருந்தா மேஜர், பாட்டு வெளிச்சமா இருக்கும். சாதாரண காந்தாரமா இருந்தா மைனர், நெஞ்சுல ஏதோ இறங்கும். பல பாட்டுல அந்தக் காந்தாரம் ஆல்ட்டோகிட்டதான் இருக்கும். நாங்க அரை ஸ்வரம் கீழ இறங்கினா மொத்த ஹாலும் சோகமாயிடும். யாருக்கும் யார் செஞ்சதுன்னு தெரியாது.

இன்னொண்ணும் இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பியானோவுல இருக்கிற காந்தாரம், இயற்கையான காந்தாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், சுமார் 14 சென்ட். ஒரு அரை ஸ்வரத்தை நூறாப் பிரிச்சா அதுல பதினாலு. எல்லா சுருதியிலயும் வாசிக்க முடியணும்னு பியானோவுல செஞ்ச சமரசம் அது. பியானோ இல்லாம வெறும் குரல்ல பாடும்போது, நல்ல கொயர் அந்தக் காந்தாரத்தைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பாடும். அப்போ கார்டு பூட்டு விழுந்த மாதிரி உக்காரும். ஒருநாள் ரிகர்சல்ல அப்படி உக்காந்தப்போ எனக்கு ஒரு பழைய சத்தம் ஞாபகம் வந்துச்சு. தம்புரா. நல்லா சேர்த்த தம்புராவுல யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக் கேட்கும், சுயம்பு காந்தாரம்னு சொல்லுவாங்க. அதே காந்தாரம்தான் இதுவும்! மேற்கத்திய இசை, நம்ம இசைன்னு ரெண்டு பெட்டி போட்டு வெச்சிருக்கோம். ரெண்டு பெட்டிக்கும் அடியில ஒரே பௌதிகம்.

எழுதுற முறையிலயும் இப்படி ஒரு சந்திப்பு உண்டு. எங்க கொயர்ல நாகர்கோவில்லேர்ந்து வந்த ஒரு அக்கா இருக்காங்க. அவங்க அஞ்சு கோடு போட்ட நோட்டேஷன் படிக்க மாட்டாங்க. டோ, ரே, மி எழுத்துகளையும் புள்ளிகளையும் வெச்சு எழுதின டானிக் சோல்ஃபா படிப்பாங்க, அதுவும் பேப்பர் படிக்கிற வேகத்துல. இங்கிலாந்துல நாரிச் ஊர்ல சாரா குளோவர்ங்கிற டீச்சர் குழந்தைகளுக்காக உருவாக்கினதை, ஜான் கர்வென்ங்கிறவர் 19-ம் நூற்றாண்டுல பரப்பினார். பியானோ வாங்க முடியாதவங்களுக்கான முறை அது. மிஷனரிகளோட உலகம் பூரா போச்சு. இதுல 'டோ'ங்கிறது நிலையான ஸ்வரம் இல்லை. எந்த ஸ்ருதியிலயும் வெச்சுக்கலாம். அப்படியே நம்ம 'ஸ' மாதிரி. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கத்துக்கிட்டவங்களுக்கு அஞ்சு கோட்டைவிட இது சுலபமா வரும். 1897-ல தென்னாப்பிரிக்காவுல ஈனோக் சொன்டோங்காங்கிற பள்ளிக்கூட வாத்தியார், அவர் கொயர் மாஸ்டரும்கூட, ஒரு பிரார்த்தனைப் பாட்டு எழுதினார். அதையும் சோல்ஃபாவுலதான் எழுதினார். அது இன்னைக்கு அந்த நாட்டு தேசிய கீதத்துல ஒரு பகுதி. ஜோகன்னஸ்பர்க் வாத்தியாரும் நாகர்கோவில் அக்காவும் ஒரே எழுத்துமுறையில பாடியிருக்காங்க!

சரி, "இதெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு, தமிழ்ல என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. இங்கதான் எம்.பி.ஸ்ரீனிவாசனைப் பத்திச் சொல்லணும். எம்.பி.எஸ். 1925-ல பிறந்தவர். இடதுசாரி, இப்டா இயக்கத்தோட பாட்டுல ஊறினவர். 1960-ல 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை. தமிழ்ல அதிகம் படம் இல்லை, மலையாளத்துலதான் கொண்டாடினாங்க. சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க ஓடினவர். 1970-களின் தொடக்கத்துல மெட்ராஸ் யூத் கொயர் ஆரம்பிச்சார். பாரதி பாட்டுகளையும், இந்தியாவோட பல மொழிப் பாட்டுகளையும் சேர்ந்திசையா மாத்தினார். அதுக்கு முன்னாடியே பம்பாய்ல சலில் சவுத்ரி, கல்கத்தாவுல ரூமா குஹா தாகுர்தா இப்படிக் குழுக்கள் நடத்திக்கிட்டு இருந்தாங்க.

எம்.பி.எஸ். எடுத்துக்கிட்ட வேலை சின்ன வேலை இல்லை. நம்ம ராகத்துல ஸ்வரம் நிக்காது, ஆடும். தோடியில காந்தாரத்தை நிறுத்திப் பாடினா அது தோடியே இல்லை. ஆனா கார்டுக்கு ஸ்வரம் நின்னாகணும். ஒருத்தர் ஆடிக்கிட்டும் மூணு பேர் நின்னுக்கிட்டும் இருந்தா சேராது. அதனால கமகம் குறைவா இருந்தாலும் உயிர் போகாத ராகம் வேணும், மோகனம் மாதிரி, சங்கராபரணம் மாதிரி. இல்லைன்னா எல்லாரும் ஒரே குரல்ல ராகத்தைப் பாடி, தேவையான இடத்துல மட்டும் பிரியணும். எம்.பி.எஸ். பாட்டுகள்ல அந்தப் பிரியுற இடமும் திரும்பச் சேருற இடமும்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும். திருவையாறுல பஞ்சரத்தினம் பாடுறாங்களே, நூத்துக்கணக்கான பேர் ஒரே குரல்ல, அதோட சக்தி வேற. இது வேற. ரெண்டும் வேணும்.

அவருக்கு மேடையைவிடப் பள்ளிக்கூடம் முக்கியமா இருந்துச்சு. ஊர் ஊராப் போய் ஆசிரியர்களுக்குக் கூட்டாப் பாடப் பயிற்சி கொடுத்தார். 1988 மார்ச்ல லட்சத்தீவுல இறந்தார். இன்னைக்கு நம்ம ஏரியா ஸ்கூல்கள்ல பாட்டு பீரியட் பல இடத்துல மேத்ஸ் டீச்சர் வாங்கிக்கிற பீரியட். இருக்கிற இடத்துலயும் போட்டிக்காகப் பத்துப் பேர் பாடுறாங்க, மீதி நாப்பது பேர் கைதட்டுறாங்க. நான் ரியாலிட்டி ஷோ பார்க்கிறவதான், ஃபைனல்ஸ் அன்னைக்கு வீட்ல சாப்பாடு லேட்டாகும். ஆனா ஒரு ஊர்ல பாடத் தெரிஞ்சவங்க எண்ணிக்கையைக் கூட்டுறதும், பாடுறவங்களை எலிமினேட் பண்றதும் ஒரே வேலை இல்லை.

இப்போ கொஞ்சம் சங்கடமான பகுதி.

எங்க கொயர் டிசம்பர்ல ஹேண்டலோட 'மெசையா'லேர்ந்து பாடும். முதல் வருஷம் அம்மா கேட்டாங்க. கந்த சஷ்டி கவசம் தினமும் படிக்கிறவங்க. "அவங்க சாமி பாட்டை நீ ஏன் பாடணும்? மாறிட்டியா?" கோபமா கேட்கலை, பயமா கேட்டாங்க. அதே மாசம், எங்க சோப்ரானோ ஒருத்தி, பட்டாபிராம் பொண்ணு, அவ வீட்ல பாரதியோட சக்தி பாட்டுக்காக இதே கேள்வி. ரெண்டு பேரும் ஆவடி லோக்கல்ல ஒண்ணா உக்காந்து சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு, ஏன்னா கேள்வி நியாயமான கேள்வி.

"இசைக்கு மதம் இல்லை"ன்னு சொல்லி நகர்ந்துடலாம். நான் அப்படிச் சொல்றதில்லை. மெசையாவுக்கு மதம் இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் பைபிள். திருப்பாவைக்கும் மதம் இருக்கு. அதை உருவிட்டு வெறும் மெட்டா வெச்சா எழுதினவங்களுக்கும் மரியாதை இல்லை, நம்புறவங்களுக்கும் மரியாதை இல்லை. நான் அதுல விருந்தாளி. வீட்டுக்குள்ள போகும்போது செருப்பைக் கழட்டிட்டுப் போறோம், அவங்க போடுற சாப்பாட்டை நல்லா சாப்பிடுறோம், கிளம்பி நம்ம வீட்டுக்கு வர்றோம். அம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன். "சாப்பாடு நல்லாருக்குன்னு அங்கயே தங்கிடாத"ன்னாங்க. அவ்வளவுதான், அனுமதி கிடைச்சுடுச்சு. எங்க குழுவுல ஒரு வழக்கம் இருக்கு: ஒரு பாட்டு உங்களால பாட முடியாதுன்னா, அந்தப் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கலாம். காரணம் கேட்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ நிப்பாங்க. அடுத்த பாட்டுக்கு வரிசைக்கு வந்துடுவாங்க.

மெசையாவைப் பத்தி ஒரு கதை. ஹேண்டல் 1741-ல 24 நாள்ல எழுதி முடிச்சது. 1742 ஏப்ரல் 13-ம் தேதி டப்ளின்ல முதல் முறையாப் பாடினாங்க, தர்ம காரியத்துக்காக. கூட்டம் தாங்காதுன்னு, ஆண்கள் வாள் கொண்டுவர வேணாம், பெண்கள் வளையம் வெச்ச பாவாடை போட வேணாம்னு முன்கூட்டியே விளம்பரம். அன்னைக்கு ஆல்ட்டோ சோலோ பாடினது சுசானா சிபர். அவங்க முதன்மையா நடிகை. பெரிய குரல் இல்லை. கல்யாண வாழ்க்கை கோர்ட்டுக்குப் போய், லண்டன் முழுக்க அவங்க மானத்தை வாங்கியிருந்துச்சு. அப்படிப்பட்ட ஒருத்தருக்கு, துக்கத்தைச் சொல்ற மெதுவான பாட்டை ஹேண்டல் கொடுத்தார். கேட்டவங்க உருகிட்டாங்களாம். ஆல்ட்டோ வரிசையில நிக்கிற எங்களுக்கு அவங்கதான் குலதெய்வம்.

இதே "விருந்தாளி" கணக்கு மத்த பாட்டுக்கும் பொருந்தும். அமெரிக்கக் கறுப்பின மக்களோட ஸ்பிரிச்சுவல் பாட்டுகள் பாடுவோம். ஆடிக்கிட்டே பாட ஜாலியா இருக்கும். 1871-ல ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள், அதுல பல பேர் அடிமைகளாப் பிறந்தவங்க, தங்களோட காலேஜை மூடாம காப்பாத்தப் பணம் திரட்ட ஊர் ஊராப் போய்ப் பாடின பாட்டு அதெல்லாம். அந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்க ஆட்டம் தானாக் குறைஞ்சுது. நம்ம நாட்டுப்புறப் பாட்டுக்கும் இதே கவனம் வேணும்னு எனக்கு ஒரு புகார் உண்டு. நாத்து நடுறவங்க பாட்டை நாலு குரலாப் பிரிச்சு, பட்டுப்புடவை கட்டி, அழகாச் சிரிச்சுக்கிட்டுப் பாடும்போது அதுல இருந்த முதுகுவலி எங்க போச்சுன்னு தோணும். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்துச்சு. கானாவும் ராப்பும் பறையும் சேர்த்து, கோட்டு போட்ட 19 பேர் வரிசையா நின்னாங்க. அதுவும் கூட்டுப் பாட்டுதான். அதுல யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை, அவங்க பாட்டை அவங்க பாடினாங்க. அந்த வித்தியாசம் மேடையில தெரியும்.

அப்போ ஏன் எல்லாத்தையும் பாடுறீங்கன்னா, நேர்மையான பதில்: சந்தோஷமா இருக்கு. ஒரே சனிக்கிழமை ரிகர்சல்ல ஹேண்டலோட ஓடுற ஸ்வரங்கள், கிட்டத்தட்ட பிருகா மாதிரி, மூச்சு வாங்கும். அது முடிஞ்சதும் பாரதி. அது முடிஞ்சதும் ஒரு இளையராஜா மெட்லி. இளையராஜா 2005-ல திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடயும் கொயரோடயும் பண்ணினப்போ நான் ஸ்கூல் பொண்ணு. அண்ணன் சிடி வாங்கிட்டு வந்தான். பின்னாடி பாடுறவங்களைக் கவனின்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்போ எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதல்ல நடுக் குரலைத்தான் தேடுது. சரவண பவன்ல ஓடுற இன்ஸ்ட்ருமென்டல்லகூட.

உடம்புலயும் ஏதோ நடக்குது. ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல 2013-ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. சேர்ந்து பாடுறவங்களோட இதயத்துடிப்பு ஒண்ணாக் கூடுது, ஒண்ணாக் குறையுதுன்னு பார்த்தாங்க. மாயம் ஒண்ணும் இல்லை: வரி முடிவுல எல்லாரும் ஒண்ணா மூச்சு எடுக்கிறாங்க, மூச்சு விடும்போது துடிப்பு குறையும், அதான். 2015-ல ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒண்ணு: பாட்டு வகுப்புல சேர்ந்தவங்க, கைவினை, எழுத்து வகுப்புல சேர்ந்தவங்களைவிட சீக்கிரம் ஒட்டிக்கிட்டாங்களாம். ஆனா ஏழு மாசம் முடியும்போது எல்லா வகுப்பும் சமம். அதனால கைவினைக்காரங்க மனசு உடைய வேணாம்.

அந்த ஒண்ணா மூச்சு விடுறதே ஆபத்தாவும் ஆச்சு. 2020 மார்ச்ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கொயர் பயிற்சிக்கு 61 பேர் வந்தாங்க. 50-க்கும் மேல கோவிட். ரெண்டு பேர் இறந்துட்டாங்க. அந்தச் செய்தி எங்க வாட்ஸ்அப் குரூப்ல வந்தப்போ யாரும் ஒரு ஸ்மைலிகூடப் போடலை. அதுக்கப்புறம் ஜூம். ஜூம்ல சேர்ந்து பாட முடியாதுன்னு முயற்சி பண்ணினவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் குரல் இன்னொருத்தர்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள தாளம் போயிடும். எல்லாரும் மியூட்ல, நான் மறுபடி வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு. அந்த ஸ்கூல் நாள் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

திரும்பி நேர்ல சந்திச்சப்போ பேஸ்ல ரெண்டு பேர் இல்லை. ஒருத்தர் கனடா போயிட்டார். இன்னொருத்தர், ஃபேக்டரியிலேர்ந்து ரிட்டயர் ஆனவர், கோவிட்ல போயிட்டார். அவர் நின்ன இடத்தை ஒரு மாசம் யாரும் நிரப்பலை. நீளமான ஸ்வரம் பாடும்போது எங்களுக்கு ஒரு பழக்கம்: பக்கத்துல நிக்கிறவங்க மூச்சு எடுக்கும்போது நாம எடுக்கக் கூடாது. அப்போதான் சத்தம் அறுபடாம போகும். அவருக்குப் பக்கத்துல நின்னவர் ரொம்ப நாள் தப்பான இடத்துலயே மூச்சு எடுத்துக்கிட்டு இருந்தார், அவர் எடுத்து முடிக்கட்டும்னு காத்திருந்த மாதிரி.

இப்போ எங்க நிலைமை: சோப்ரானோ பன்னெண்டு பேர், டெனர் மூணு. அதுல ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட். எஸ்டேட் ஷிஃப்ட் மாறினா எங்க ஹார்மனியும் மாறும். சனிக்கிழமை எழும்பூர் பக்கம் ரிகர்சல் முடிச்சு ஆவடி லோக்கல் பிடிச்சு வீட்டுக்கு வர ஒம்பதரை ஆகும். வீட்ல வரன் பார்க்கிறாங்க. "சனிக்கிழமை சாயங்காலம் நான் இருக்க மாட்டேன்"ங்கிறதை பயோடேட்டாவுல போடணும்னு நான் சொல்றேன், அம்மா வேணாம்ங்கிறாங்க. பேச்சுவார்த்தை நடக்குது.

கடைசியா, இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் "எனக்குச் சுருதியே சேராது"ன்னு நினைப்பீங்க. சின்னதா ஒண்ணு பண்ணிப் பாருங்க. போன்ல ஒரு பியானோ ஆப் போடுங்க. காலையில முதல் டீக்கு முன்னாடி வேணாம், குரல் கீழ இருக்கும், சாயங்காலம் பண்ணுங்க. மிடில் சி அழுத்தி, "ஊ"ன்னு முனகுங்க. அங்கேர்ந்து ஒவ்வொரு கட்டையா கீழ போங்க, குரல் காத்தா மாறுற இடம் வரைக்கும். அப்புறம் மேல போங்க, கழுத்து நரம்பு இழுக்கிற இடம் வரைக்கும். ரெண்டையும் எழுதி வைங்க. அதுதான் உங்க வீடு. நீங்க பாட முடியலைன்னு நினைச்ச பாட்டெல்லாம் அந்த வீட்டுக்கு வெளியே வெச்சதா இருக்கலாம். பசங்களா இருந்து மேல எஃப், ஜி வரைக்கும் வலிக்காம போச்சுன்னா, தயவுசெஞ்சு சனிக்கிழமை நாலு மணிக்கு ஃப்ரீயா வைங்க. ஷேர் ஆட்டோ காசு நாங்க தர்றோம்.